பாய் விரித்தால் இருக்கம்!

“குந்தும்மா, காத்து இன்னும் எழுந்துக்கல” என்றார் தாத்தா.

விடியற்காலை நாலரை மணி. பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், தடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பீமுலவாரிபாளையம் படகுத்துறை. முழங்கால் ஆழத் தண்ணீரில் எங்கள் படகு, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அசைந்துகொண்டிருக்கிறது. சுருட்டின பாய் குறுக்கே கிடக்கிறது. தாத்தா ஒரு பீடியைப் பற்றவைத்து, அதன் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார். புகை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக மேலே போகிறது.

எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை! ஏரிக்கு நடுவில் இருக்கம் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே மோட்டார் சத்தம் இல்லாமல், டீசல் நாற்றம் இல்லாமல், காற்றை மட்டும் நம்பிப் பாய்மரப் படகில் போக வேண்டும் என்பது எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா? இப்போது ஏரியில் பெரும்பாலான படகுகளுக்கு மோட்டார் வந்துவிட்டது. பாய் விரிக்கத் தெரிந்த கைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தாத்தாவைத் தேடிப் பிடித்தும் விட்டேன். படகு தயார், தாத்தா தயார், அவருடைய பேரன் தயார், பனை ஓலைக் கூடையில் கட்டுச்சோறும் தயார். காற்று ஒன்றுதான் வர வேண்டும்.

அது வருவதற்குள் உங்களை ஒரு நாள் பின்னால் அழைத்துப் போகிறேன். தண்ணீரில் பாய் விரிந்த அழகை எல்லோரும் படம் பிடித்துப் போடுகிறார்கள். அந்தப் பாய் விரிவதற்கு முன்னால் கொல்லைப்புறத்தில் என்னென்ன நடக்கிறது என்பதை நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் என்னால் தீவுக்குப் போக முடியாது!

பாய்க்கும் தொப்பை வேண்டும்

முந்தின நாள் மத்தியானம் பழவேற்காட்டில் இருந்தேன். சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். தென்கோடி தமிழ்நாட்டில், பெரும்பகுதி ஆந்திரத்தில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்கிற நீளமான மணல் தீவு வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் சுவர் மாதிரி படுத்திருக்கிறது.

ஒரு குப்பத்து வீட்டின் பின்புறம், வேப்பமர நிழலில் தாத்தா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பாய். நீலத் தார்ப்பாய்த் துண்டு ஒன்று, வெள்ளை உரச்சாக்குகள் நாலைந்து, ஓரத்தில் பழைய வேட்டித் துணி. கையில் கோணி ஊசியும் நைலான் நூலும். உரக் கம்பெனியின் பெயர் ஒரு மூலையில் தலைகீழாகத் தெரிந்தது. இந்த ஒட்டுப்போட்ட துணியா நம்மைத் தீவுக்குக் கொண்டுபோகப் போகிறது என்று நான் வாய் பிளந்து நின்றேன்.

அப்புறம்தான் அவர் தைப்பதைக் கிட்டே குனிந்து பார்த்தேன். இரண்டு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் நேராக வைத்து அவர் தைக்கவில்லை. நடுவில் விரற்கடை அளவுக்குத் துணியைத் தளர விட்டு, முனைகளில் இழுத்துப் பிடித்துத் தைத்தார். ஏன் என்று கேட்டேன்.

“பாய்க்குத் தொப்பை வேணும்மா. தட்டையா தெச்சா காத்து வழுக்கினு பூடும். கொஞ்சம் தொப்பை வுட்டாதான் காத்து உள்ள வந்து தங்கும்.”

எனக்குப் புல்லரித்தது! விமானத்தின் இறக்கையை ஏன் வளைத்துச் செய்கிறார்கள் என்று கல்லூரியில் கரும்பலகை நிறையப் படம் போட்டு நடத்தினார்கள். அதே பாடத்தை இவர் உரச்சாக்கில் தைத்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு தொப்பை விட வேண்டும் என்பதற்கு அளவுகோல் இல்லை. பெருவிரலை மடக்கி ஒரு முறை, நீட்டி ஒரு முறை வைத்துப் பார்க்கிறார். அவ்வளவுதான்.

பேரன் படகைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடுக்கில் பஞ்சைத் திணித்துத் தண்ணீர் ஏறாமல் அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். அது போர்த்துக்கீசியர்கள் நமக்கு விட்டுப்போன சொல். 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் இந்தக் கரைக்கு வந்தார்கள், போனார்கள். கோட்டை கொத்தளமெல்லாம் மண்ணாகிவிட்டது. படகு அடைக்கும் சொல் மட்டும் இந்தப் பையன் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது!

பெரிய கப்பல்கள் வாசலில் நின்ற ஊர்

போர்த்துக்கீசியருக்குப் பின்னால் வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1613-இல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சு வியாபாரத்துக்கு இதுதான் தலைநகரம். நம் நெசவாளர்கள் நெய்த துணி இங்கிருந்து ஜாவா வரைக்கும் போனது. துணியோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்: பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஏழை மனிதர்களையும் அடிமைகளாக இங்கிருந்துதான் கப்பலேற்றினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று முள்மரமும் மேடும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. அதன் வாசல் தூண்களில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாலை வெயிலில் பார்த்தாலும் நெஞ்சு ஒரு முறை திக்கென்கிறது!

அந்தக் காலத்துப் பெரிய கப்பல்கள் எதுவும் ஏரிக்குள் வந்ததில்லை. வர முடியாது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். முகத்துவாரத்தில் எப்போதும் மணல் மேடு. உலகத்தைச் சுற்றிவந்த கப்பல்களெல்லாம் வெளியே கடலில் நங்கூரம் போட்டுக் காத்து நிற்க, இந்தக் கரையின் சின்னப் படகுகள்தான் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்வந்தன. தாத்தாவின் படகைத் தடவிப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கடலைத் தாண்டி வந்த கப்பலையும் வாசலில் நிறுத்திவைத்த ஏரி இது. இந்தத் தட்டை அடிப் படகுக்குத்தான் வீட்டுக்குள் அனுமதி.

அங்கிருந்து நாலு தெரு தள்ளி, முஸ்லிம் குடும்பங்களின் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பனை ஓலைக் கூடை முடைகிறார்கள். சாயம் தோய்த்த ஓலை, பச்சையும் ஊதாவும் சிவப்புமாக விரல்களுக்கிடையே ஓடுகிறது. பேசிக்கொண்டே முடைகிறார்கள், கையைப் பார்ப்பதே இல்லை! ஒரு அக்கா மூடியோடு இருந்த கூடை ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தந்தார். “சோறு வெச்சு எடுத்துட்டுப் போ, வேர்க்காது” என்றார். நாளைய கட்டுச்சோற்றுக்குப் பாத்திரம் கிடைத்துவிட்டது.

இன்றைக்கு யார் பாடு?

ராத்திரி தாத்தா வீட்டில் சாப்பாடு. சாப்பிடும்போது பேச்சு பாடு பற்றிப் போனது. இந்த ஏரியின் மிகப் பெரிய ரகசியம் அதுதான். காதைக் கொடுங்கள்!

இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் அலையோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த இந்தத் தொட்டிலில் வளர்கின்றன. வளர்ந்ததும் நீர் வடியும்போது மறுபடியும் கடலுக்குத் திரும்புகின்றன. அந்த வழியில் கழி நட்டுச் சுத்துவலை கட்டினால் இறால் கொட்டும். ஆனால் வழி ஒன்றுதான், நல்ல இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் போனால் என்ன ஆகும்? வலை வலையோடு சிக்கும், மனுஷன் மனுஷனோடு சிக்குவான்.

அதற்குத்தான் பாடு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் முறை வைத்துக்கொண்டு அந்த இடங்களில் வலை கட்டுகின்றன. ஊரில் மணமாகித் தனிக் குடும்பமானவர்கள் தலைக்கட்டுக் கணக்கில் வருவார்கள். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்கு அது கிடைக்காது. பணம் இருக்கிறவன், பெரிய படகு இருக்கிறவன் என்கிற பேச்சுக்கே இடமில்லை. உலகம் முழுவதும் மீன்வளம் படிக்கிற ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பாடு முறையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். பாடு முறைக்குள் சேராத மீனவர்களுக்கும் சேர்ந்தவர்களுக்கும் நடுவே சச்சரவு உண்டு என்பதையும் தாத்தா மறைக்கவில்லை. “பங்குன்னு வந்தா பஞ்சாயத்தும் வரும். அத்த பேசித் தீத்துக்கணும்” என்றார்.

அவருடைய மனைவி, நான் ஆயா என்று கூப்பிடும் அந்தம்மா, மடவை மீன் குழம்பை என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார். “நாளைக்குக் காத்துல போற. வயிறு காலியா இருக்கக் கூடாது” என்றார். ஒரு தட்டில் இத்தனை ருசி இருக்க முடியுமா! மடவைக்குப் புளி அதிகம் வேண்டாம், மாங்காய் ரெண்டு கீற்று போதும் என்று சமையல் ரகசியத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

எழுந்தது காற்று

சாப்பிட்ட கையோடு, ராத்திரியே படகும் நாங்களும் பீமுலவாரிபாளையம் வந்து சேர்ந்துவிட்டோம். இப்போது மறுபடியும் அந்தப் படகுத்துறைக்கு வாருங்கள். ஐந்தேகால் மணி. பீடிப் புகை மெல்ல, மிக மெல்லக் கிழக்கே சாய்ந்தது. தாத்தா எழுந்துவிட்டார்.

“கரைக்காத்து வந்துட்ச்சு. ஏறு ஏறு!”

லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். பேரன் படகைத் தள்ளிவிட்டுத் தாவி ஏறினான். தாத்தா கயிற்றை இழுத்தார். பாயைக் கட்டிய குறுக்குமரம், பருமல் என்பார்கள், கிறீச் கிறீச்சென்று பாய்மரத்தில் ஏறியது. நேற்று மடியில் கிடந்த உரச்சாக்கு தலைக்கு மேல் இரண்டு முறை படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு ஒரே ஒரு ‘தொப்’. தொப்பைக்குள் காற்று வந்து உட்கார்ந்துவிட்டது!

படகு நகர்கிறது. சத்தமே இல்லை. அணியம் என்கிற முன்முனையில் தண்ணீர் கிழிபடும் சலசலப்பு மட்டும். எதிரே கிழக்கில் வானம் சாம்பலிலிருந்து செம்மைக்கு மாறுகிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கத்திவிடுவேனோ என்று!

இந்தப் பயணத்தின் சூட்சுமமே காற்றின் கால அட்டவணைதான். ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். அதனால் விடியலில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசும். பகலில் தரை கொதிக்க ஆரம்பித்ததும் தலைகீழ். கடலிலிருந்து கரைக்கு வீசும். மெரினாவில் சாயங்காலம் நம் முகத்தில் வந்து அடிக்கிறதே, அதே காற்றுதான். துறை மேற்கே, தீவு கிழக்கே. காலைக் காற்று கொண்டுபோய்விடும், பிற்பகல் காற்று கொண்டுவந்து சேர்க்கும். இயற்கையே போகவரப் பஸ் விட்டிருக்கிறது! ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடை வலுத்தால் இந்த அட்டவணை எடுபடாது. நாங்கள் போனது மாசி மாசம். “மாசிக் காத்து சொன்ன பேச்சு கேக்கும்” என்பது தாத்தாவின் வாக்கு.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை படகின் அடி மணலில் உரசும். உடனே பேரன் நீளக் கழியை ஊன்றித் தள்ளுவான். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே தாத்தா வழி சொன்னார். வெளுத்திருந்தால் மணல் மேடு, கருத்திருந்தால் பாசி, பச்சையாக இருந்தால் ஓடலாம். இருட்டில் எப்படி என்று கேட்டேன். “கழி சொல்லும்” என்றார். கழி சேற்றில் இறங்கினால் ‘புளுக்’, மணலில் இறங்கினால் ‘சரக்’, கிளிஞ்சலில் இறங்கினால் ‘கறக்’. கண்ணை மூடிக்கொண்டு நானும் கேட்டுப் பார்த்தேன். நிஜம்தான், மூன்று சத்தமும் வேறு வேறு!

ரோஜா நிறத்தில் ஒரு கரை

சூரியன் முழுசாக மேலே வந்தபோது வடக்கே தண்ணீருக்கு மேல் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. கரையா என்று கேட்டேன். பேரன் சிரித்தான். “கரை இல்லக்கா, பூநாரை!”

ஆயிரக்கணக்கில்! பாய்ப் படகு சத்தம் போடாது என்பதால் அவை மிரளவில்லை. ஆனாலும் தாத்தா நெருங்கவிடவில்லை. பாயின் கீழ்முனைக் கயிற்றைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்து, தூரமாகவே சுற்றிக்கொண்டு போனார். நான் பைனாகுலரில் பார்த்தேன். ஒரு பூநாரை கழுத்தைக் கீழே தொங்கவிட்டு, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகைச் சேற்றுத் தண்ணீரில் வைத்து ஆட்டுகிறது. தண்ணீரை உறிஞ்சி, நாக்கால் வெளியே தள்ளி, நடுவில் சிக்கும் பாசியையும் பூச்சி புழுக்களையும் மட்டும் வடிகட்டிச் சாப்பிடுகிறது. மாவு சலிக்கிற மாதிரி! அந்த இளஞ்சிவப்பும் அது சாப்பிடும் பாசியிலிருந்தும் சின்ன இறால் வகைகளிலிருந்தும் வருவதுதான். சாப்பாடு சரியில்லை என்றால் நிறம் வெளுத்துவிடும்.

இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தில், கட்ச் ரண் சேற்றுவெளியில். இங்கே வருவது விருந்துக்கு. ஏரியின் மேற்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் மரங்களில் கூடு கட்டுகின்றன. தமிழ்நாட்டுப் பகுதியை 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மீனவர்களுக்கோ அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை. “அதுங்க இருக்கற எடத்துல தண்ணி ஆழமில்ல, அங்க படகு வுடாதன்னு அதுங்களே சொல்லிக் குடுக்குது” என்றார் தாத்தா.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் இடுப்பளவுத் தண்ணீரில் நாலு தலைகள். இருளர் பெண்கள். கையால் இறால் தடவுகிறார்கள்! வலை இல்லை, தூண்டில் இல்லை. பனை ஓலையில் முடைந்த பறி ஒன்றின் கயிற்றைப் பல்லில் கடித்திருக்கிறார்கள், பறி மார்புக்கு முன்னால் தொங்குகிறது. இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவிக்கொண்டே போகின்றன. இறால் விரலில் பட்டதும் பிடித்து, பறிக்குள் போட்டு, அடுத்ததைத் தேடுகிறார்கள். வாயில் கயிறு இருப்பதால் பேச முடியாது. எங்களைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார்கள். மணிக்கணக்கில் இப்படி நிற்க வேண்டும். கெளுத்தி முள் குத்தும், கிளிஞ்சல் கிழிக்கும். சந்தையில் அரைக் கிலோ இறாலுக்குப் பேரம் பேசும்போது இந்தப் பல்லும் விரலும் நம் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

வந்தாச்சு இருக்கம்!

பனைமரத் தலைகள் முதலில் தெரிந்தன. பிறகு மணல் கரை, பிறகு துறையில் ஆட்கள். கடைசித் தூரத்துக்குப் படகும் போக முடியாத ஆழம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், காலுக்கடியில் வரிவரியாக மணல். தீவில் கால் வைத்தபோது மணி எட்டரை.

தீவென்றால் தென்னை மர ஊஞ்சலும் தனிமையும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இருக்கம் இன்ப அதிர்ச்சி தரும். இது வீடும் வாசலும் ஆடும் கோழியும் கோயிலுமாக இருக்கிற ஊர்! தெலுங்கும் தமிழும் இங்கே ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடக்கின்றன. இந்த ஏரியைத் தெலுங்கில் பிரளய காவேரி என்றும் அழைப்பது உண்டு. ஸ.வெம். ரமேஷ் என்கிற எழுத்தாளர் அந்தப் பெயரிலேயே தெலுங்கில் ஒரு கதைத் தொகுதி எழுதியிருக்கிறார்.

துறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அதுதான் இந்த ஊரின் உண்மையான மேடை! சைக்கிள் ஒன்று படகிலிருந்து இறங்குகிறது. அடுத்து காஸ் சிலிண்டர். பிறகு அரிசி மூட்டை, கோழித் தீவனம், புதுச் சீருடை போட்ட ஒரு குழந்தை, முட்டி வலிக்கு மாத்திரை வாங்கப் போகும் ஒரு பெரியம்மா. நமக்குப் பஸ் எப்படியோ, இவர்களுக்குப் படகு அப்படி. நான் ஆசைப்பட்டு ஏறிய வண்டியில் இவர்கள் வேறு வழியில்லாமல் தினமும் ஏறுகிறார்கள். பிரசவ வலி காற்றைப் பார்த்து வருவதில்லை. அதனால்தான் பாலம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்.

ஒரு வீட்டுத் திண்ணையில் கூடையைத் திறந்தோம். ஆயா கட்டிக்கொடுத்த புளிச்சோறு, கருவாடு வறுவல். திண்ணைக்காரம்மா சும்மா இருப்பாரா? சேற்று நண்டைத் தட்டிப் போட்டு மிளகுக் குழம்பு வைத்துக்கொண்டுவந்தார். ஓட்டை உடைத்து, காலை உறிஞ்சி, விரலை நக்கி... நண்டு சாப்பிடும்போது பேசினால் தோஷம் என்று ஒரு சட்டம் போடலாம்!

ராக்கெட்டும் காற்றைக் கேட்கும்

மத்தியானம். பாய் விரிக்க வேண்டிய காற்று வரும்வரை மரத்தடியில் படுத்திருந்தோம். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. அங்கேதான் சதீஷ் தவான் விண்வெளி மையம். 1971-இல் சின்ன ரோகிணி ராக்கெட்டில் தொடங்கிய இடம் அது; 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதும் அங்கிருந்துதான்.

ஏவுகிற நாளில் ஏரிக்கரையே திருவிழா என்றான் பேரன். முதலில் வெளிச்சம், அப்புறம்தான் சத்தம், அதற்கப்புறம் நெஞ்சுக்குள் அதிர்வு. அன்றைக்கு அந்தப் பக்கம் கடலில் தொழிலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். ஒரு நாள் கூலி போகும். ஆனாலும் ராக்கெட் மேலே போகும்போது குப்பமே கைதட்டுமாம்.

ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் பலூன் பறக்கவிட்டு மேல்வானக் காற்றை அளக்கிறார்கள், காற்று ஒத்துவரவில்லை என்றால் புறப்பாட்டைத் தள்ளிவைப்பார்கள் என்று நான் சொன்னேன். தாத்தா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“அப்போ அவுங்களும் காத்தக் கேட்டுதான் போறாங்க! நான் பீடி புகைய பாக்கறேன், அவுங்க பலூன் வுடறாங்க!”

அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை கூட இவ்வளவு தூரம் வரலாம்!

திரும்பும் பாய்

இரண்டு மணிக்குப் பனை ஓலைகள் கிழக்கிலிருந்து சலசலத்தன. கடற்காற்று! காலையில் குழந்தை மாதிரி வந்த காற்று இப்போது வாலிபன் மாதிரி வந்தது. பாய் நிமிர்ந்தது, படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடியது, தெறித்த தண்ணீரில் உதடெல்லாம் உப்பு. பேரன் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து எடையைச் சமன் செய்தான். “அக்கா, நீங்களும் இந்தப் பக்கம்!” என்றான். காலையில் வெறும் பயணியாக ஏறிய நான் இப்போது படகின் ஒரு எடைக்கல்! அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் தந்ததில்லை.

துறை நெருங்கியதும் தாத்தா பாயை இறக்கச் சொன்னார். நேற்று அவர் தைத்த தையலைத் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் பிரியவில்லை.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கும் கிளம்பத் தோன்றும். தோன்ற வேண்டும். அதனால் கையைப் பிடித்துக்கொண்டு சிலவற்றைச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை இருக்கிறது. யாராவது ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்றால் ஏறாதீர்கள், அவரையும் வற்புறுத்தாதீர்கள். தீவுக்குப் போக வேண்டுமானால் ஊர் மக்கள் போய்வரும் முறையான துறையிலிருந்து போங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். தாத்தா “இன்னைக்கு வாணாம்” என்றால் அன்றைக்கு வேண்டாம்.

பழவேற்காட்டில் கரையிலேயே ஒரு நாள் போதாத அளவுக்குப் பார்க்க இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் பேரம் பேசாமல் ஒரு ஓலைக் கூடை வாங்குங்கள். ஏரி இறாலைக் குப்பத்துப் பெண்களிடமே வாங்குங்கள். பூநாரைக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள், தூரத்திலிருந்து பார்த்தாலே கண் நிறையும். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இந்த ஏரிக்கு உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. மணல் வந்து அது அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, கடல் நீர் வராது, பாடும் இருக்காது. அதைத் திறந்து வையுங்கள் என்று குப்பத்து மக்கள் பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் கேட்கும்போது நாமும் சேர்ந்து கேட்போம். அடுத்த மாசிக் காற்றுக்குப் படகில் எனக்கு ஓர் இடம் வைத்திருப்பதாகத் தாத்தா சொல்லியிருக்கிறார். ஏரி இருந்தால்தான் அந்தப் படகு மிதக்கும்.